செல்லாக்காசு சொல்லும் கதை: செங்கல்பட்டு கடற்கரையின் முகலாயர், நவாபு காலச் சில்லறைகள், சேகரிக்க ஆசையா? இதைப் படிச்சிட்டுப் போங்க

வார இறுதியில் கிழக்கு கடற்கரைச் சாலையில் வண்டியை விடுகிறவர்கள் பெரும்பாலும் மாமல்லபுரத்தோடு நிறுத்திவிடுவார்கள். இன்னும் சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே போனால் கடப்பாக்கம் வரும். அங்கிருந்து கடலை நோக்கித் திரும்பினால், கழிமுகத்தின் ஓரத்தில் உடைந்த செங்கல் சுவர்களோடு நிற்கிறது ஆலம்பரைக் கோட்டை. போட்டோ எடுக்க, படகு சவாரி போக, சினிமா ஷூட்டிங் பார்க்க என்று இங்கே வருகிறவர்கள் பலர். ஆனால் இந்த இடத்தில் ஒரு காலத்தில் நாணயம் அச்சடித்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

பழைய நாணயம் சேகரிப்பது இப்போது இளைஞர்களிடையே பரவிவரும் பொழுதுபோக்கு. தங்க வராகனும் வெள்ளி ரூபாயும் எல்லோர் பட்ஜெட்டுக்கும் ஒத்துவராது. அதனால் பலர் தொடங்குவது செப்புச் சில்லறையில்தான். முகலாயப் பேரரசும் அதன் பெயரில் ஆண்ட கர்நாடக நவாபுகளும் விட்டுச்சென்ற சின்னஞ்சிறு காசுகள் அதில் முக்கியமான பிரிவு. ஆனால் இதில் போலிகளும் உண்டு. சட்டச் சிக்கலும் உண்டு. எங்கே தொடங்குவது, எதை வாங்கக் கூடாது, மண்ணில் கிடைத்தால் என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முகலாயர் காசு இந்தக் கரைக்கு எப்படி வந்தது?

டெல்லிக்கும் ஆலம்பரைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி வரும். 1687-ல் அவுரங்கசீப்பின் படை கோல்கொண்டாவைப் பிடித்தது. அதன் ஆட்சிக்குள் இருந்த தமிழகத்தின் வடபகுதியும் முகலாயர் வசம் போனது. மராட்டியர் கையிலிருந்த செஞ்சிக் கோட்டையை சுல்ஃபிகர் கான் பல ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698-ல் கைப்பற்றினார். இந்தப் பகுதியை நிர்வகிக்க நியமிக்கப்பட்டவர்கள்தான் கர்நாடக நவாபுகள். பின்னாளில் ஆற்காடு அவர்கள் தலைநகரானது. நாம் பேச்சுவழக்கில் 'ஆற்காடு நவாப்' என்பது இவர்களைத்தான்.

ஆட்சி மாறினால் நாணயத்தில் பெயர் மாற வேண்டும். தொழுகை உரையில் அரசர் பெயரைச் சொல்வதும், காசில் அரசர் பெயரைப் பொறிப்பதும்தான் அந்தக் காலத்தில் ஆட்சியுரிமையின் இரண்டு அடையாளங்கள். நவாபுகள் நடைமுறையில் தனி அரசர்கள் போலவே இருந்தாலும், ரூபாயில் டெல்லி பாதுஷாவின் பெயரையே போட்டார்கள். ஆற்காட்டு ரூபாய்களில் முகம்மது ஷா (1719-1748), இரண்டாம் ஆலம்கீர் (1754-1759) போன்ற பெயர்கள் வருவது இதனால்தான்.

செங்கல்பட்டு கடற்கரை நவாபுகளுக்கு முக்கியமானது. ஏனென்றால் இது துணி ஏற்றுமதியாகும் கரை. மாமல்லபுரத்துக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் கோவளத்துக்கு, நவாபு சாதத்துல்லா கானின் பெயரால் 'சாதத் பந்தர்' என்ற பெயரும் இருந்தது. பந்தர் என்றால் துறைமுகம். தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள். அதற்கும் தெற்கே, நவாபு தோஸ்த் அலி கானின் கையில் ஆலம்பரை. சரிகைத் துணி, உப்பு, நெய் இவையெல்லாம் இங்கிருந்து கப்பலேறின.

ஆலம்பரையில் நாணயச் சாலை எதற்கு?

இதைப் புரிந்துகொள்ள அந்தக் கால வணிகத்தைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் கம்பெனிகள் இங்கே துணி வாங்க வெள்ளிக் கட்டிகளையும் ஸ்பானிய வெள்ளி நாணயங்களையும் கொண்டுவந்தன. நெசவாளருக்கு வெள்ளிக் கட்டியைக் கொடுத்தால் அதை வைத்து அவர் அரிசி வாங்க முடியாது. உள்ளூரில் செல்லும் காசாக மாற்றித் தர வேண்டும். அதை மாற்றித் தரும் நாணயச் சாலை யார் கையில் இருக்கிறதோ, அவருக்குக் கூலியும் வரியும் கிடைக்கும். ஏ.டி.எம். கட்டணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கப்பல் சரக்கு மொத்தத்துக்கும்!

அதனால்தான் நாணயம் அடிக்கும் உரிமைக்கு அவ்வளவு போட்டி. சென்னையில் ஆங்கிலேயர்கள் முகலாயர் பெயரில் ரூபாய் அடிக்க 1692-ல் அனுமதி வாங்கினார்கள். அந்த ரூபாயில் அச்சிட்ட ஊராக இருப்பது சென்னப்பட்டணத்தின் பெயர். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்மா, ரூபாய் அடிக்கும் உரிமையை 1736-ல் நவாபு தோஸ்த் அலியிடமிருந்து பெற்றார். ஆற்காட்டு ரூபாய் அடிக்க ஆங்கிலேயருக்கு 1742-ல் அனுமதி கிடைத்தது.

ஆலம்பரைக் கோட்டையின் கதையும் விரைவில் முடிந்துவிட்டது. பிரெஞ்சு ஆளுநர் துப்ளே செய்த உதவிக்குக் கைம்மாறாக, தக்காண சுபேதார் முசாஃபர் ஜங் 1750-ல் இந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். பத்தே ஆண்டுகளில், 1760-ல், ஆங்கிலேயர்கள் அதைப் பிடித்து இடித்தார்கள். மிச்சமிருந்த சுவர்களை 2004 சுனாமி மேலும் சிதைத்தது. இன்று இது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கட்டுரையின் பின்பகுதியில் தேவைப்படும்.

ரூபாய் இருக்கட்டும், சில்லறை என்ன ஆச்சு?

ரூபாயும் வராகனும் வணிகர் கையில் புழங்கியவை. சந்தையில் கீரை வாங்க, தோணிக்காரருக்குக் கூலி கொடுக்க வேறு காசு வேண்டும். அதுதான் செப்புக்காசு. சென்னைப் பகுதியில் 1800-களின் தொடக்கத்தில் கணக்கு இப்படி இருந்தது:

• 10 காசு = 1 துட்டு
• 8 துட்டு (80 காசு) = 1 பணம்
• 12 பணம் = 1 ரூபாய்
• 42 பணம் (மூன்றரை ரூபாய்) = 1 வராகன்

அதாவது ஒரு ரூபாய்க்கு 960 காசு. ஒரு வராகனுக்கு 3,360 காசு. இதுவும் ஏட்டுக் கணக்குதான். நடைமுறையில் காசின் எடை, தேய்மானம், ஊர் எல்லாவற்றையும் பார்த்து தினம் தினம் விலை சொன்னவர் சராபு. சங்க காலத்தில் வண்ணக்கர் என்று அழைக்கப்பட்டவர்கள் செய்த அதே நாணயச் சோதனை வேலைதான். ஒரு ஊரில் செல்லும் காசு அடுத்த ஊரில் வட்டம் பிடித்துத்தான் போகும். சில ஊரில் செல்லவே செல்லாது. 'செல்லாக்காசு' என்று இன்றைக்கும் ஆளைத் திட்டுகிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது இந்த அனுபவம். நேர்மைக்கும் காசுக்கும் தமிழில் 'நாணயம்' என்று ஒரே சொல் இருப்பதும் இங்கே யோசிக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு சுவாரசியம். மேலே இருக்கும் பட்டியலைப் பாருங்கள். காசு, துட்டு, பணம் மூன்றும் தனித்தனி நாணயங்களின் பெயர்கள். நாணயங்கள் போய்விட்டன, பெயர்கள் மட்டும் மொத்தமாக 'மணி' என்ற ஒரே அர்த்தத்தில் நம் வாயில் தங்கிவிட்டன.

'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் வருவது பாதி உண்மை. ஆசியாவின் சின்ன செப்பு நாணயத்தை ஐரோப்பியர்கள் 'கேஷ்' என்று அழைத்தது, போர்ச்சுகீசியர் வழியாகப் போன நம் 'காசு'தான். ஆனால் ரொக்கம் என்ற பொருளில் வரும் 'கேஷ்' வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. அதேபோல் முகலாயச் செப்புக்காசின் பொதுப் பெயர் 'ஃபலூஸ்'. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்: அங்கே பணத்தை 'ஃபுலூஸ்' என்பதும், அமீரகச் சில்லறையை 'ஃபில்ஸ்' என்பதும் இதே வேரிலிருந்து வந்தவை.

இந்தக் கரையில் புழங்கிய காசுகளை எப்படி அடையாளம் காண்பது?

செங்கல்பட்டு கடற்கரையின் விசேஷமே இதுதான்: சில நூறு கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு அதிகாரங்கள் தனித்தனிச் சில்லறை அடித்தன. தொடக்கநிலைச் சேகரிப்பாளர் பார்க்கக்கூடியவை இவை:

• வாலாஜா காசு: நவாபு முகம்மது அலி வாலாஜா (1749-1795) வெளியிட்டவை. சின்னதாக, தடிப்பாக, ஒழுங்கில்லாத வட்டமாக இருக்கும். பாரசீக எழுத்தில் 'வாலாஜா' என்ற பட்டப்பெயர் முழுதாகவோ பாதியாகவோ தெரியும். சிலவற்றில் ஹிஜிரி ஆண்டு இருக்கும்.

• புதுச்சேரிக் காசு: ஒரு பக்கம் பிரெஞ்சு அரசின் லில்லி மலர்ச் சின்னம், மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'. தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும், அடையாளம் கண்டுவிடலாம்.

• தரங்கம்பாடிக் காசு: டேனிஷ் அரசர்களின் பெயரெழுத்துகள் பின்னிப் பிணைந்து, மேலே கிரீடத்தோடு இருக்கும்.

• டச்சுக் காசு: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்று எழுத்து முத்திரை பொறித்தவை நிறையக் கிடைக்கின்றன. நாகப்பட்டினத்தில் அடித்தவற்றில் ஊர்ப்பெயர் தமிழிலேயே உண்டு.

• ஆங்கிலக் கம்பெனிக் காசு: 1803, 1808 ஆண்டுகளைத் தாங்கிய 10, 20 காசுகள். இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்தவை. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீகத்தில், 20 காசு நாலு ஃபலூஸ் என்று கணக்கு எழுதியிருக்கும். 10 காசில் இரண்டு ஃபலூஸ்.

கடைசி வகையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் அடித்த காசு, பாரசீக எழுத்து, முகலாயக் கணக்கு, தமிழ்ப் பெயர். ஆட்சி யார் கையில் போனாலும், மக்களுக்குப் பழகிய கணக்கைக் கைவிட யாருக்கும் துணிச்சல் இல்லை.

இதில் 1808 காசுக்கு ஒரு தனிக் கதை உண்டு. சென்னைக்கு வர வேண்டிய காசு மூட்டைகளோடு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோர மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அதிலிருந்து ஏராளமான காசுகளை எடுத்தார்கள். நம்ம ஊர்ச் சந்தையில் கீரைக்குக் கொடுக்க அடித்த காசு, ஒரு கை கூட மாறாமல், 170-க்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து உலகச் சேகரிப்பாளர்களிடம் போனது. இன்று கிடைக்கும் 1808-ஆம் ஆண்டு 10 காசுகளில் பல இந்தக் கப்பலிலிருந்து வந்தவைதான். அதனால் 'ரொம்ப அபூர்வம் சார்' என்று யாராவது பெரிய விலை சொன்னால், சிரித்துவிட்டு நகரலாம்.

பாரசீகம் தெரியாதே, ஆண்டை எப்படிப் படிப்பது?

முழு மொழியும் தேவையில்லை. எண்கள் மட்டும் போதும். அரை மணி நேர வேலை. 1 என்பது செங்குத்துக் கோடு. 0 ஒரு புள்ளி. 5 கவிழ்ந்த இதயம் அல்லது வட்டம் போல. 7 ஆங்கில 'வி' எழுத்து மாதிரி, 8 அதே 'வி' தலைகீழாக. எழுத்துகள் வலமிருந்து இடமாகப் போனாலும், எண்கள் நம்மைப் போலவே இடமிருந்து வலமாகத்தான்.

கிடைப்பது ஹிஜிரி ஆண்டு. அது சந்திர ஆண்டு, நம் ஆண்டைவிட சுமார் 11 நாள் குறைவு. அதனால் 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் கிட்டத்தட்ட கி.பி. ஆண்டு வரும். உதாரணமாக 1172: பெருக்கினால் சுமார் 1137, கூட்டினால் 1759.

ஆனால் ஆண்டைப் படித்ததோடு முடிந்துவிடாது. அந்த 1172 ஒரு பிரபலமான கண்ணி. கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டாம் ஆலம்கீர் பெயரும் 1172-ம் பொறித்த ஆற்காட்டு ரூபாயையும் அதன் பின்னங்களையும், அந்தப் பாதுஷா செத்துப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அதே ஆண்டோடு அடித்துக்கொண்டே இருந்தது. காரணம் எளிது: சராபு அந்த முகத்தைத்தான் நம்பினார். புது ஆண்டு போட்டால் சந்தேகம் வரும். அதனால் உங்கள் கையில் இருக்கும் 1172, உண்மையில் 1759-லும் பிறந்திருக்கலாம், 1815-லும் பிறந்திருக்கலாம். விளிம்பு சீராக, வட்டம் கச்சிதமாக இருந்தால் அது பிந்தைய இயந்திரக் காசு. பெயரெழுத்துக்கு நடுவே தாமரை இருந்தால் சென்னை, பிறை இருந்தால் புதுச்சேரி என்பது பொதுவான அடையாளம். இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று கம்பெனி 1835-ல் சட்டம் போட்டபோதுதான் இதெல்லாம் முடிவுக்கு வந்தது.

கையால் அடித்த காசுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சு பெரிது, காசு சிறிது. அதனால் அச்சில் இருக்கும் வாசகத்தில் ஒரு பகுதி மட்டுமே காசில் விழும். அரசர் பெயர் விழுந்தால் ஊர்ப்பெயர் வெளியே போயிருக்கும். ஊர் விழுந்தால் ஆண்டு போயிருக்கும். காசு சின்னதாகச் சின்னதாக இந்தப் பிரச்சினை கூடும். ஒரே வகையில் நாலைந்து காசுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழு வாசகம் பிடிபடும். சில்லறைச் சேகரிப்பின் ருசியே இந்தத் துண்டு சேர்க்கும் வேலைதான்.

தேய்ஞ்ச செப்புக்காசுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?

நியாயமான கேள்வி. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. 'தினமலர்' ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980-களில் சின்னதொரு செப்புக்காசில் 'பெருவழுதி' என்ற பெயர் தமிழ் பிராமி எழுத்தில் இருப்பதைப் படித்து வெளியிட்டார். சங்க காலப் பாண்டியருக்குச் சொந்த நாணயமே இருந்ததா என்ற கேள்விக்குக் கிடைத்த பெரிய விடை அது. கழுவாமல், உருக்காமல், ஒருவர் நின்று பார்த்ததால் கிடைத்த விடை.

நவாபு காலச் செப்புக்கும் அதே நிலைமைதான். தங்கம், வெள்ளி பற்றி கம்பெனிப் பதிவேடுகளில் பக்கம் பக்கமாக இருக்கிறது. கீரைக்காரியும் தோணிக்காரரும் எந்தக் காசை வாங்கினார்கள், எதை மறுத்தார்கள் என்பதை அவ்வளவு விரிவாக யாரும் எழுதிவைக்கவில்லை. அதைச் சொல்லக்கூடியது காசு மட்டுமே. அதுவும் எங்கே கிடைத்தது என்ற தகவலோடு இருந்தால்தான்.

ஒரு கணக்கு போடுவோம். ஆலம்பரையில் 1760-ல் இடிந்து விழுந்த செங்கல் குவியலுக்குக் கீழே ஒரு காசு கிடக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் அது 1760-க்கு முன் விழுந்தது என்று ஆய்வாளர் உறுதியாகச் சொல்ல முடியும். ஆண்டே இல்லாத அந்தக் காசு வகைக்கு ஒரு வயது கிடைத்துவிடும். அதே காசை ஒருவர் தோண்டி எடுத்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தால்? அது வெறும் தேய்ந்த செப்பு. ஆன்லைனில் நூறோ இருநூறோ கிடைக்கும். போன தகவல் திரும்பக் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது, மண்ணில் கிடைத்தால். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளானாலும், என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது 1878-ன் பத்து ரூபாய், தொகை மாறவேயில்லை. அதாவது இன்றைக்கு எந்தப் பழங்காசும் இதற்குள் வந்துவிடும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தெரிவித்தால் எல்லாம் போய்விடும் என்ற பயமும் தேவையில்லை. உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பங்கு கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அரசு எடுத்துக்கொண்டால், உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

இரண்டாவது, பாதுகாக்கப்பட்ட இடங்கள். ஆலம்பரை மாநிலத் தொல்லியல் துறையின் கீழ். சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையும் மாமல்லபுரத்துச் சின்னங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் கீழ். இங்கெல்லாம் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். யூடியூபில் பார்த்துவிட்டு மெட்டல் டிடெக்டரோடு போகலாம் என்ற யோசனை வந்தால், அந்த டேபைத் தயவுசெய்து மூடிவிடுங்கள்.

மூன்றாவது, வாங்குவதும் அனுப்புவதும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள நாணயமும் தொல்பொருள்தான். வீட்டில் வைத்து ரசிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனிநபர் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. சிங்கப்பூர் மாமாவுக்குப் பரிசு, துபாய் நண்பருக்கு நினைவுப்பொருள் என்று ஒரு வாலாஜா காசைப் பெட்டியில் போட்டாலும் அது கடத்தல்தான். தண்டனை ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை.

ஏமாறாமல் வாங்குவது எப்படி?

சுற்றுலா இடத்தில் யாராவது ரகசியமாக, 'சார், கோட்டையில கிடைச்சது' என்று கைக்குட்டையைப் பிரித்தால், இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். உண்மையென்றால் அது சட்டவிரோதம். பொய்யென்றால் அது போலி. எப்படிப் பார்த்தாலும் வாங்கக் கூடாத பொருள்.

அடிக்கடி மாட்டும் சில போலிகள்:

• ராமர் பட்டாபிஷேகம், அனுமார் உருவங்களோடு '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' என்று போட்ட காசு. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று 'ரைஸ் புல்லிங்' கும்பல் காட்டுவதும் இந்த மாதிரிச் சரக்கைத்தான்.

• அக்பர் பெயரில் கலிமா பொறித்த சதுர நாணயங்கள். அசலும் உண்டு, ஆனால் அச்சில் வார்த்த நகல்கள் மலிந்து கிடக்கின்றன.

• அவுரங்கசீப் பெயரும் கலிமாவும் சேர்ந்த காசு. புனித வாசகம் கை மாறி அசுத்தப்படக் கூடாது என்று நாணயத்தில் கலிமாவை நிறுத்தியவர் அவுரங்கசீப். இரண்டும் சேர்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டினால் அது செம்போ வெள்ளியோ இல்லை. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, மேற்பரப்பில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் இருந்தால் அது அடித்த காசு இல்லை, வார்த்த காசு. போன் கேமராவில் பக்கவாட்டு வெளிச்சம் வைத்துப் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும், குமிழும் தெரியும்.

'பழைய நாணயம் தாருங்கள், லட்சம் தருகிறோம்' என்று வரும் அழைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக் கமிஷன், வரி என்று முதலில் பணம் கேட்பார்கள். அப்படி எந்த வியாபாரத்திலும் தாங்கள் இல்லை, யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. பணம் கட்டச் சொன்ன நொடியே போனை வைத்துவிடுங்கள்.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடவே கூடாது. பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளக்க வைக்கும் புளியும் எலுமிச்சையும் பழங்காசுக்கு எமன். காசின் மேல் படிந்திருக்கும் கரும்பழுப்புப் படலம்தான் அதன் கவசம். அதைச் சுரண்டினால் எழுத்தும் போகும், மதிப்பும் போகும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் துடைத்து, நன்றாக உலர்த்தினால் போதும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் மலிவு. ஆனால் நாளடைவில் அமிலம் கக்கிக் காசை அரிக்கும். அமிலமில்லாத காகித உறை நல்லது. கடற்கரை ஊர் என்றால் ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் பெட்டிக்குள் போடுங்கள்.

எங்கே தொடங்கலாம்?

முதலில் கண்ணைப் பழக்குங்கள், பர்ஸை அப்புறம் திறக்கலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பெரிய நாணயத் தொகுப்பு இருக்கிறது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கம்பெனி நாணயங்களின் வரலாற்றை 1890-லேயே புத்தகமாக எழுதியிருக்கிறார். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் அமைப்புகள் இருக்கின்றன. ஒரு கூட்டத்துக்குப் போய் நாலு பேரிடம் பேசினால், ஆறு மாதம் ஆன்லைனில் தேடித் தெரிந்துகொள்வதை ஒரே சாயங்காலத்தில் தெரிந்துகொள்ளலாம்.

பிறகு ஒரு சின்ன இலக்கு வையுங்கள். உதாரணத்துக்கு, 'ஒரு கரை, ஐந்து காசு': வாலாஜா ஒன்று, புதுச்சேரி ஒன்று, தரங்கம்பாடி ஒன்று, டச்சு ஒன்று, கம்பெனியின் 10 காசு ஒன்று. சாதாரண நிலையில் இருக்கும் இந்த வகைகளில் பலவற்றுக்கும் தனித்தனியாக ஆகும் செலவு, மல்டிபிளெக்ஸில் ஒரு படமும் பாப்கார்னும் ஆகிற அளவுதான். உரிமம் உள்ள வியாபாரியிடம் பில்லோடு வாங்குங்கள்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு பதிவு வையுங்கள்: இரண்டு பக்கப் படம், எடை, விட்டம், யாரிடம் எப்போது வாங்கியது, அவருக்கு எங்கிருந்து வந்தது. கூகுள் ஷீட் ஒன்று போதும். வியாபாரி 'தெரியலை' என்றால், 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள், கதை கட்டாதீர்கள். பாட்டி வீட்டு அஞ்சறைப்பெட்டியிலிருந்து வந்த காசென்றால் அதையும், அந்த ஊர் பெயரையும் எழுதிவையுங்கள். உப்பளக் குடும்பத்துப் பெட்டியிலிருந்து நாலு வாலாஜா காசு வந்தது என்ற ஒரு வரி, நாளைக்கு ஒரு ஆய்வாளருக்குப் பெரிய தடயம்.

1763-ல் நவாபு முகம்மது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்தார். 1765-ல் டெல்லி பாதுஷா அதை உறுதி செய்தார். 1801-ல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. 1818-ல் வராகன் கணக்கும் போய், ரூபாய்க் கணக்கு வந்தது. பாதுஷா, நவாபு, கம்பெனி எல்லாம் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. அவர்கள் அடித்த சில்லறை மட்டும் இன்னும் இந்த மண்ணிலும், பழைய வீட்டுப் பரண்களிலும், பாத்திரக்கடைச் செப்புக் குவியலிலும் கிடக்கிறது. அடுத்த முறை பழைய பித்தளை, செம்பு என்று எடைக்குப் போடும்போது, அதில் கிடக்கும் கறுத்துப்போன வட்டத்தை மட்டும் எடுத்துத் தனியாக வையுங்கள். உருக்கினால் அதன் விலை சில ரூபாய். படித்தால்தான் அதன் மதிப்பு தெரியும்.